வீட்டுக் கெகரேட்டர்: பொருத்துவதும் குளிரைச் சரிசெய்வதும்

பீப்பாய் பீரைக் குளிரவைத்துக் குழாய் (டேப்) வழியே ஊற்றித் தரும் பெட்டியான கெகரேட்டரை வாங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: முதல் குவளை ஏன் முக்கால்வாசி நுரையாகவே வருகிறது? பக்கத்தில் இருப்பவர் உடனே ரெகுலேட்டரின் திருகைக் காட்டி, “அழுத்தத்தைக் குறைத்துப் பாருங்கள்” என்பார். குறைத்தால் ஓரிரு நாள் சரியானது போலத் தோன்றும். பிறகு பீர் ட்யூபுக்குள் குமிழ்கள் தெரியத் தொடங்கும், நுரை முன்னைவிடக் கூடும், கடைசியில் பீர் சப்பென்று ஆகிவிடும். வீட்டில் நுரைத் தொல்லை என்றால் பெரும்பாலும் அதன் மூலம் வெப்பம்தான். பீப்பாய் போதிய அளவு குளிர்ந்திருக்காது. அல்லது நன்கு குளிர்ந்த பீர் டேப்பை வந்து சேர்வதற்குள் வழியில் சூடேறியிருக்கும். ஆகவே இங்கே பொருத்தும் முறையைச் சொல்லும்போதும் குளிருக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

உள்ளே என்ன இருக்கிறது

கெகரேட்டர் என்பது பீர் பீப்பாய் நிற்கும் அளவுக்கு உயரமான ஒரு குளிர்சாதனப் பெட்டி. பீப்பாய்க்குப் பக்கத்திலோ பெட்டியின் முதுகிலோ கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் இருக்கும். சிலிண்டரின் தலையில் வாயுவின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர். அதிலிருந்து வாயு ட்யூப் ஒன்று, பீப்பாயின் வாயில் பூட்டப்படும் கப்ளருக்குச் செல்கிறது. கப்ளர் வழியாக வாயு உள்ளே இறங்க, பீர் மேலேறி இன்னொரு ட்யூபில் புறப்படுகிறது. அந்த ட்யூப் பெட்டியின் மேல்தளத் துளை வழியே டவர் எனப்படும் கம்பத்துக்குள் ஏறி, ஷாங்க் என்ற மரையுள்ள உலோகக் குழலில் முடிகிறது. ஷாங்கின் மறுமுனையில் டேப், அதன் கீழே சொட்டுத் தட்டு.

வாங்குவதற்கு முன் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எந்த அளவுப் பீப்பாய். ஐரோப்பியப் பீப்பாய்கள் பெரும்பாலும் 50, 30, 20 லிட்டர் அளவுகளில் வருகின்றன. அமெரிக்க அரை பேரல் 58.7 லிட்டர், நிறைந்த நிலையில் அதன் எடை சுமார் 73 கிலோ. வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் விரும்பும் கார்னி பீப்பாய் ஏறத்தாழ 19 லிட்டர், ஒல்லியாகவும் உயரமாகவும் இருக்கும். மற்றொன்று, கப்ளரின் வகை. ஐரோப்பாவில் ‘எஸ்’, அமெரிக்காவில் ‘டி’ ஆகியவை பரவலானவை. சில ஜெர்மன் பீப்பாய்களுக்கு ‘ஏ’ வேண்டும். ‘எஸ்’, ‘டி’ இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே இறங்கும் முனையின் நீளம் வேறு. பீப்பாய் தருபவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

இடம்

பெட்டிக்குள்ளிருந்து எடுத்த வெப்பம் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும். அது வெளியேறும் பாகம் கண்டென்சர். சில பெட்டிகளில் அது பின்புறக் கம்பிவலையாகத் தெரியும். பல புதிய பெட்டிகளில் பக்கச் சுவர்களுக்குள் மறைந்திருக்கும். பக்கச் சுவர் தொட்டால் சுடுகிறதே என்று பயப்பட வேண்டாம், அது கண்டென்சர் தன் வேலையைச் செய்வதன் அடையாளம். ஆனால் அந்தச் சுவரை அலமாரியோடு ஒட்டி நிறுத்தினால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், பீரும் குளிராது. தனியாக நிற்கும் வகைப் பெட்டிக்குப் பின்னாலும் பக்கங்களிலும் ஐந்து முதல் பத்து சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். சமையலறை மேடைக்கு அடியில் செருக வேண்டுமென்றால், வெப்பக் காற்றை முன்பக்கமாக விடும் உள்ளமைப்பு வகையைத்தான் வாங்க வேண்டும்.

பெட்டியின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் தகவல் சீட்டில் ‘என்’, ‘எஸ்டி’, ‘டி’ போன்ற தட்பவெப்ப வகுப்பு ஒன்று அச்சாகியிருக்கும். ‘என்’ வகுப்புப் பெட்டி 16 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரையுள்ள அறைக்கு வடிவமைக்கப்பட்டது. ‘எஸ்டி’ 38 வரையும், ‘டி’ 43 வரையும் தாங்கும். வெயிலில் காயும் கார் கொட்டகையில் ‘என்’ வகுப்புப் பெட்டியை வைத்துவிட்டு, குளிரவில்லை என்று அதைத் திட்டுவதில் பயனில்லை.

பெட்டியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால் நிமிர்த்தி ஒரு நாள் அப்படியே விடுங்கள். கம்ப்ரசரின் எண்ணெய் குளிர்பதனக் குழாய்களுக்குள் ஓடியிருக்கலாம். அது திரும்பி வர அவகாசம் வேண்டும். தரை மட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கதவு தானாகத் திறக்காதபடி கால்களைத் திருகி அமைத்துவிடுங்கள். நிறைந்த பீப்பாயை ஏற்றிய பிறகு பெட்டியை நகர்த்துவது இடுப்புக்கும் தரைக்கும் கேடு.

முதலில் வெறும் பெட்டி

டவரைத் தொடுவதற்கு முன் பெட்டியை வெறுமையாக ஓட்டிப் பாருங்கள். இரண்டு பாட்டில்களில் தண்ணீர் நிரப்பி, ஒன்றை அடியிலும் மற்றொன்றை மேல்மட்டத்திலும் வைத்து, தெர்மோஸ்டாட்டை நடு நிலைக்குக் கொண்டுவந்து ஒரு முழு நாள் கதவைத் திறக்காமல் விடுங்கள். பிறகு தண்ணீரின் வெப்பநிலையை அளவிடுங்கள். பெட்டியின் முகப்பில் ஒளிரும் எண்ணை நம்ப வேண்டாம். அது ஓரிடத்துக் காற்றின் வெப்பநிலை. கம்ப்ரசர் ஓடும்போதும் நிற்கும்போதும் அது பல டிகிரி ஏறி இறங்கும். திரவம்தான் உண்மையைச் சொல்லும். நமக்கு வேண்டியது 3 முதல் 4 டிகிரி செல்சியஸ்.

அடிப் பாட்டிலும் மேல் பாட்டிலும் ஒரே எண்ணைக் காட்டுவது அரிது. குளிர்காற்று கனமானது, கீழே தங்கிவிடும். மேல்மட்டம் மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருந்தால் அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பீர் ட்யூபின் சுருள் பொதுவாக அந்த வெதுவெதுப்பான மேல்மட்டத்தில்தான் கிடக்கும்.

டவர், டேப், ட்யூப்

டவரின் அடியில் வரும் ரப்பர் கேஸ்கெட்டை விட்டுவிடாதீர்கள். அதை வைத்துத் திருகினால்தான் பெட்டிக்குள்ளிருக்கும் குளிர்காற்று அறைக்குள் கசியாமலும், அறையின் ஈரக்காற்று உள்ளே போகாமலும் இருக்கும். டேப்பை ஷாங்கில் பொருத்தும்போது, கழுத்து வளையத்தைத் திருப்ப அதற்கென்று வரும் கொக்கி ஸ்பானரைப் பயன்படுத்துங்கள். கையால் இறுக்கினால் சில நாளில் டேப் சுழலத் தொடங்கும்.

பீர் ட்யூபின் நீளத்தில் பல தயாரிப்பாளர்கள் கஞ்சத்தனம் செய்கிறார்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் அளவே இருக்கும். ஐந்து மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள சாதாரண வினைல் ட்யூப் என்றால் இரண்டரை முதல் மூன்று மீட்டர் வேண்டும். ட்யூபின் உராய்வு, பீப்பாயின் அழுத்தத்தை வழியிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட வேண்டும். அப்போதுதான் பீர் டேப்பில் சீறாமல் வழிந்து விழும். குட்டை ட்யூபில் பீர் பாய்ந்து வந்து அடித்து நுரைக்கும். நீளமான ட்யூபை வாங்கிப் பொருத்துங்கள். தேவைக்கு மேல் நீளமானால் பீர் மெதுவாக விழும், அவ்வளவுதான், பிறகு வெட்டிக்கொள்ளலாம். மீந்த நீளத்தைச் சுருட்டிப் பீப்பாயின் தலையில் படியும்படி கட்டிவையுங்கள். கூரையை ஒட்டித் தொங்கவிடாதீர்கள்.

முதல் பீப்பாயைப் பூட்டுவதற்கு முன் ட்யூப், ஷாங்க், டேப் எல்லாவற்றையும் பீர் ட்யூப் கழுவும் காரத் திரவத்தால் கழுவி, தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள். புதிய ட்யூபின் பிளாஸ்டிக் வாடை முதல் குவளையில் வருவது யாருக்கும் பிடிக்காது.

வாயு

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அதற்குள் கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்கிறது. சாய்த்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் புகுந்து அதைக் கெடுத்துவிடும். ரெகுலேட்டரின் நட்டை இறுக்கும் முன் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். சில ரெகுலேட்டர்களில் ஓ-ரிங் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கும், அதற்குத் தனி வாஷர் தேவையில்லை. அழுத்தத் திருகை முழுவதும் தளர்த்திய பின் சிலிண்டர் வால்வை மெதுவாகத் திறந்து, பிறகு முழுமையாகத் திறந்து வையுங்கள். திருகை உள்ளே திருப்பி 11 அல்லது 12 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். கடல்மட்டத்திலிருந்து உயரத்தில் வசிப்பவர்கள் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பிஎஸ்ஐ கூட்டிக்கொள்ள வேண்டும்.

எல்லா இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழ் எழும்பினால் கசிவு. அத்தோடு நில்லாமல், பீப்பாயைப் பூட்டுவதற்கு முன் சிலிண்டர் வால்வை மூடிவிட்டு சில மணி நேரம் கழித்து ரெகுலேட்டரின் அழுத்தமானி முள் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மிக மெல்லிய கசிவு சோப்புக்குத் தப்பினாலும் முள்ளுக்குத் தப்பாது. மீண்டும் வால்வைத் திறக்க மறக்க வேண்டாம்.

புதியவர்களைக் கலங்கடிக்கும் ஒரு காட்சியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறையில் இருந்தபோது சிலிண்டரின் உயரழுத்த முள் சுமார் 800 பிஎஸ்ஐ காட்டியிருக்கும். பெட்டிக்குள் வைத்து மறுநாள் பார்த்தால் 530 அருகே நிற்கும். வாயு கசிந்துவிடவில்லை. திரவ கார்பன் டை ஆக்சைடின் ஆவி அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 20 டிகிரியிலிருந்து 3 டிகிரிக்கு இறங்கினால் அழுத்தமும் அப்படித்தான் இறங்கும். உள்ளே திரவம் இருக்கும்வரை அந்த முள் அதே இடத்தில் நிற்கும், திரவம் தீர்ந்ததும் சட்டென்று விழும். மிச்சம் எவ்வளவு என்று அறிய முள் உதவாது, எடை பார்ப்பதே வழி.

பாதுகாப்பு பற்றி ஒரு கணக்கு. 2.3 கிலோ வாயு உள்ள சிறு சிலிண்டர் முழுவதும் கசிந்தால் சுமார் ஒன்றேகால் கன மீட்டர் வாயு வெளியேறும். 30 கன மீட்டர் கொள்ளளவுள்ள மூடிய சிற்றறையில் அது காற்றில் 4 சதவீதமாகும். அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படும் அளவு. வாயு காற்றைவிடக் கனமானது என்பதால் தாழ்வான இடத்தில் தேங்கவும் செய்யும். சன்னல் இல்லாத நிலவறையிலோ சிறிய சாமான் அறையிலோ கெகரேட்டர் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கி மாட்டிவிடுங்கள்.

பீப்பாய்க்குப் பொறுமை வேண்டும்

20 டிகிரியில் இருக்கும் 50 லிட்டர் பீரை 3 டிகிரிக்குக் கொண்டுவர, ஏறத்தாழ ஒரு கிலோவாட் மணி வெப்பத்தை அதிலிருந்து வெளியேற்ற வேண்டும். 100 வாட் வேகத்தில் வெப்பத்தை இழுக்கும் சிறு பெட்டி ஒரு நொடியும் வீணாக்காமல் உழைத்தாலும் பத்து மணி நேரம் ஆகும். நடைமுறையில் பெட்டியின் காற்று பீப்பாயின் உலோகத்தைக் குளிர்வித்து, உலோகம் பீரைக் குளிர்வித்து, நடுவில் இருக்கும் பீர் கடைசியாகக் குளிர்கிறது. எனவே முழு நாளுக்கு மேல், சில நேரம் இரண்டு நாள்கூட ஆகும். வெளியே தொட்டால் சில்லென்று இருப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது. குளிர்ந்த பீப்பாயாகவே வாங்கி, வழியில் சூடேறாமல் கொண்டுவந்தால் இந்தக் காத்திருப்பு குறையும். தூக்கி வந்ததில் பீர் கலங்கியும் இருக்கும், அன்றிரவே விருந்து வைக்கத் திட்டமிடாதீர்கள்.

பெட்டிக்குள் குளிரைத் தரும் உலோகத் தகடான குளிர்த் தட்டைப் பீப்பாய் தொடாமல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளி நிற்கட்டும். ஐந்து சதவீத ஆல்கஹால் உள்ள பீர் கழிக்குறி இரண்டரை டிகிரி வாக்கில் உறையத் தொடங்கும். தட்டையொட்டிய பக்கம் பனித்துகள் கட்டி ட்யூபை அடைத்த கதைகள் நிறைய உண்டு.

நோய் எங்கே என்று கண்டுபிடிப்பது

பீப்பாய் நன்றாகக் குளிர்ந்த பிறகு, சில மணி நேரம் டேப்பைத் திறக்காமல் விட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் குவளைகள் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். கனமான கண்ணாடிக் குவளை வேண்டாம். அறை வெப்பத்தில் இருந்த தடித்த கண்ணாடி, 200 மில்லிலிட்டர் பீரைத் தானே நான்கைந்து டிகிரி சூடாக்கிவிடும், அளவு பொய்யாகும். முதல் குவளையில் 200 மில்லிலிட்டர் பிடித்து உடனே வெப்பமானியை விடுங்கள். தாமதிக்காமல் இரண்டாவது குவளையையும் பிடித்து அளவிடுங்கள்.

முதல் குவளை 8 டிகிரி, இரண்டாவது 4 என்றால் பெட்டி நன்றாக இருக்கிறது, டவர்தான் சூடு. இரண்டுமே 7 என்றால் பெட்டிக்குள் குளிர் போதவில்லை. டவருக்குச் செலவிடும் பணம் வீண். இரண்டும் 3, 4 என்று வந்தும் நுரை அடங்கவில்லை என்றால், அப்போது மட்டும் ட்யூபின் நீளத்தையும் டேப்பின் சுத்தத்தையும் கடைசியாக அழுத்தத்தையும் பாருங்கள். இந்த வரிசையை மாற்றினால் எதைச் சரிசெய்தோம், எதைக் கெடுத்தோம் என்றே தெரியாமல் போய்விடும். டேப்பைப் பாதி திறந்து ஊற்றும் பழக்கம் இருந்தால் அதையும் விடுங்கள். குவளையைச் சாய்த்துப் பிடித்து, டேப்பை ஒரே இழுப்பில் முழுமையாகத் திறக்க வேண்டும்.

வெப்பம் ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதற்கு எளிய விளக்கம் இருக்கிறது. குளிர்ந்த திரவத்தில் கார்பன் டை ஆக்சைடு அடங்கிக் கரைந்திருக்கும். சூடேறினால் வெளியேறத் துடிக்கும். வழக்கமான லாகர் வகைப் பீர் ஒன்றில் உள்ள வாயுவை 3 டிகிரியில் பிடித்து வைக்க 11 பிஎஸ்ஐ போதும். அதே வாயுவை 10 டிகிரியில் பிடித்து வைக்க 18 பிஎஸ்ஐ வேண்டும். டவருக்குள் நிற்கும் பீர் அறையின் வெப்பத்தை எட்டியிருக்கும், அழுத்தமோ அதே 11. வாயு வெளியேறாமல் என்ன செய்யும்? டவருக்குள் தங்கியிருக்கும் பீர் பத்து மில்லிலிட்டர்கூட இராது என்பது வியப்பாக இருக்கலாம். ஆனால் சூடான ட்யூபும் ஷாங்கும் டேப்பும் அடுத்து வரும் குளிர்ந்த பீரையும் கலைத்துவிடுகின்றன. அழுத்தத்தைக் குறைப்பதால் ஏன் நோய் முற்றுகிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

டவருக்குக் குளிர்காற்று

டவர் பெட்டிக்கு வெளியே, அறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் உலோகக் கம்பம். உள்ளே காற்று அசைவதில்லை. கனத்த குளிர்காற்று தானாக மேலேறி அங்கே போகாது. அதை ஏற்றிவிட ஒரு சிறு விசிறி போதும், செலவும் அதிகமில்லை. கெகரேட்டரில் செய்யக்கூடிய மேம்பாடுகளில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

விசிறியின் வகை முக்கியம். கணினிப் பெட்டிகளில் இருக்கும் இறக்கை விசிறி நிறையக் காற்றைத் தள்ளும், ஆனால் நெருக்கமான குழாய்க்குள் தள்ளும் வலு அதற்கு இல்லை. நத்தை ஓடு வடிவில், பக்கவாட்டு வாயுடன் வரும் 12 வோல்ட் புளோயர் வகையே இந்த வேலைக்கு ஏற்றது. அதன் வாயில் 20 முதல் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வளையும் பிளாஸ்டிக் ஹோஸைப் பொருத்தி, இடைவெளியை ஒட்டுநாடாவால் அடையுங்கள். புளோயரைப் பெட்டியின் அடிப்பகுதியில், மிகக் குளிர்ந்த காற்று இருக்கும் இடத்தில் வையுங்கள். தேங்கும் நீர் படாதபடி சிறு பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, காற்று புக டப்பாவில் தாராளமாகத் துளையிடலாம்.

ஹோஸின் மறுமுனையை மேல்தளத் துளை வழியே ஏற்றி, ஷாங்குக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். காற்று ஷாங்கைத் தொட வேண்டும், ஹோஸ் அதை மூடிவிடக் கூடாது. பலர் கோட்டைவிடுவது இதற்கு அடுத்த இடத்தில்: போன காற்று திரும்பி வர வழி வேண்டும். மேல்தளத் துளையை ஹோஸும் பீர் ட்யூபும் முழுக்க அடைத்துக்கொண்டால் புளோயர் ஓடிக்கொண்டே இருக்கும், டவரில் எதுவும் நடக்காது. ஹோஸைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விடுங்கள், அல்லது ஹோஸைக் கொஞ்சம் மெல்லியதாக மாற்றுங்கள்.

பிறகு டவரின் உட்சுவரில் ஃபோம் உறை ஒட்டுங்கள். பைப்புகளுக்குச் சுற்றும் சாதாரண உறையே போதும். சிலர் பீர் ட்யூபின் மேலேயே ஃபோமைச் சுற்றிவிடுகிறார்கள். விசிறி இல்லாத டவரில் அது சூடேறுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும், தடுக்காது. விசிறி உள்ள டவரிலோ, வீசும் குளிர்காற்று ட்யூபை எட்டாமலும் செய்துவிடும். உறை சுவருக்குத்தான். ஈரப்பதமான அறைகளில் டவரின் வெளிப்புறம் வியர்த்து வழிவதும் இந்த உறையால் குறையும்.

மின்கம்பியை நுழைக்கப் பெட்டியில் ஏற்கெனவே உள்ள வாயு ட்யூப் துளையையோ வடிகால் துளையையோ பயன்படுத்தி, மிஞ்சிய இடைவெளியை அடைப்புப் பசையால் அடைத்துவிடுங்கள். கதவின் ரப்பர் விளிம்புக்கு அடியில் கம்பியை இழுத்தால் அங்கே ஈரக்காற்று நுழைந்து குளிர்த் தட்டில் பனி கட்டும். 12 வோல்ட் அடாப்டர் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும்: அதன் வெப்பத்தை உள்ளே சேர்ப்பானேன்? புளோயர் தின்பது இரண்டு மூன்று வாட் மட்டுமே, எனவே எந்நேரமும் ஓடலாம். டவரின் வெப்பம் இனி பெட்டிக்குள் இறங்கும் என்பதால் கம்ப்ரசர் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஓடுவது இயல்பு.

விசிறிச் சத்தம் ஆகாது என்பவர்களுக்குத் தாமிரக் குழல் ஒரு மாற்று. பீர் ட்யூபைத் தாமிரக் குழலுக்குள் நுழைத்து, குழலின் மேல்முனை ஷாங்கை ஒட்டியும் கீழ்முனை பெட்டிக்குள் நீண்டும் இருக்கும்படி வைப்பார்கள். தாமிரம் துருப்பிடிக்காத எஃகைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும். பெட்டியின் குளிர் அதன் வழியே மேலேறும். பலன் உண்டு, ஆனால் விசிறி அளவுக்கு இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்பவர்களும் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் அதே இரு குவளைச் சோதனை. முதல் குவளைக்கும் இரண்டாவதற்கும் இடையே ஓரிரு டிகிரிதான் வித்தியாசம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம். டேப்பின் உலோகம் அறைக்குள் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். முதல் ஊற்றலில் கொஞ்சம் கூடுதல் நுரை மிஞ்சுவதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டிக்குள் குளிர் போதவில்லை என்றால்

முதலில் செலவில்லாதவை. கதவிடுக்கில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் விளிம்பு பொருந்தவில்லை. குளிர்த் தட்டில் தடிமனாகப் பனி படிந்திருந்தால் பெட்டியை அணைத்து உருகவிடுங்கள். பனியைக் கத்தியால் சுரண்டினால் குளிர்பதனக் குழாய் ஓட்டையாகிவிடும், அத்தோடு பெட்டி போயிற்று. கண்டென்சரில் தூசி இருந்தால் மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். டவருக்கு விசிறி வைத்தவர்களுக்கு உள்காற்று ஏற்கெனவே கலங்கிவிடும், மேலுக்கும் கீழுக்குமான வித்தியாசம் குறைந்துவிடும். வைக்காதவர்கள் சாதாரணக் கணினி விசிறி ஒன்றை அடியில் மேல்நோக்கி நிறுத்தலாம். இங்கே குழாய் இல்லாததால் அது போதும்.

இதற்கும் மசியாத பெட்டிக்கு வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே இருந்துகொண்டு, தன் உணரி சொல்வதைக் கேட்டு மின்சாரத்தைத் தந்தும் நிறுத்தியும் வேலை செய்வது இது. பெட்டியின் சொந்தத் தெர்மோஸ்டாட்டை மிகக் குளிர்ந்த நிலையில் வைத்துவிட வேண்டும். உணரியைக் காற்றில் தொங்கவிட்டால் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கம்ப்ரசர் பதறும். பீப்பாயின் பக்கவாட்டில், பாதி உயரத்துக்குக் கீழே உணரியை ஒட்டி, மேலே ஒரு துண்டு ஃபோம் வைத்துக் கட்டுங்கள். பீரின் வெப்பநிலைக்கு நெருங்கிய எண் கிடைக்கும். இலக்கு 3 டிகிரி, ஏற்ற இறக்கம் ஒரு டிகிரி, கம்ப்ரசர் மீண்டும் தொடங்கக் காத்திருக்கும் நேரம் ஐந்து நிமிடம் என்று வையுங்கள். இந்தக் காத்திருப்பு இல்லாமல் அடிக்கடி தொடங்கி நின்றால் கம்ப்ரசர் சீக்கிரம் சாகும்.

மின்னணுப் பலகை உள்ள பெட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு. மின்சாரம் போய் வந்ததும் சில பெட்டிகள் பழைய அமைப்பை மறந்து தொடக்க நிலைக்குப் போய்விடும், சில அணைந்தே கிடக்கும். பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்த பிறகே கருவியை வாங்குங்கள்.

பழைய குளிர்சாதனப் பெட்டியையோ கிடைமட்ட உறைபெட்டியையோ கெகரேட்டராக மாற்ற நினைப்பவர்களுக்கும் மேலே சொன்னவை அனைத்தும் பொருந்தும். உறைபெட்டிக்கு வெளிக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், இல்லையென்றால் பீர் கல்லாகிவிடும். உறைபெட்டியின் சுவரில் துளையிடவே துளையிடாதீர்கள். குளிர்பதனக் குழாய்கள் சுவர் முழுக்க ஓடுகின்றன. இப்போதைய பல பெட்டிகளில் இருக்கும் குளிர்பதனப் பொருள் எளிதில் தீப்பற்றும் ஐசோபியூட்டேன் என்பதையும் நினைவில் வையுங்கள். மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே மரச்சட்டம் ஒன்றை உட்காரவைத்து, துளைகளை அதில் போடுவதே வழக்கம்.

பிறகு

பீர் ட்யூபை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரத் திரவத்தாலும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலத் திரவத்தாலும் கழுவுவது தொழில்முறை வழக்கம். பீரிலிருந்து படியும் கால்சியம் ஆக்சலேட் கற்படிவு காரத்துக்கு எளிதில் அசையாது, அமிலத்துக்கு அசையும். இரண்டு திரவங்களையும் ஒருபோதும் கலக்காதீர்கள், கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். வீட்டில் குறைவாக ஊற்றுபவர்கள் ஒவ்வொரு பீப்பாய் மாற்றும்போதும் கழுவினால் போதும் என்பார்கள். அந்தப் பீப்பாய் மாதக்கணக்கில் நிற்கும் என்றால் போதாது. டேப்பைக் கழற்றி உட்புறத்தையும் தேய்த்து விடுங்கள், பிசுக்கு படிந்த டேப் எத்தனை குளிரிலும் நுரைக்கும். கோடை தொடங்கும்போது ஒருமுறையும் குளிர்காலம் தொடங்கும்போது ஒருமுறையும் இரு குவளைச் சோதனையைத் திரும்பச் செய்து, கட்டுப்பாட்டுக் கருவியின் இலக்கை அரை டிகிரி, ஒரு டிகிரி என்று மாற்றிக்கொள்ளுங்கள்.